உப்பு நீர் நீச்சல் குளத்தில் குளோரின் ஏன் நிற்கவில்லை?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். சென்னை ஓ.எம்.ஆரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. கூரையில்லாத நீச்சல் குளம், ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர். போன வருடம் உப்பு நீர் முறைக்கு மாற்றி, மணிக்கு 25 கிராம் குளோரின் தரும் மெஷின் வைத்தீர்கள். தினமும் 6 மணி நேரம், 50 சதவீத அளவில் ஓடுகிறது. பச்சை விளக்கு எரிகிறது, உப்பு 3,400 என்று காட்டுகிறது. ஆனால் சாயங்காலம் அளந்தால் குளோரின் அரை பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது லிட்டருக்கு ஒரு மில்லிகிராம், என்பதே 1 பிபிஎம்) கூட இல்லை, படிக்கட்டு ஓரங்களில் கால் வழுக்குகிறது. பராமரிப்பு ஒப்பந்தக்காரர் இன்னும் நாலு மூட்டை உப்பு போடச் சொல்கிறார். உப்பு எவ்வளவு இருக்க வேண்டும் என்பது நீங்கள் எழுதிய கேள்வி. ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு: அந்த மெஷின் தினமும் எவ்வளவு குளோரின் உண்டாக்குகிறது, அது எங்கே போய்த் தீர்கிறது? உப்பை எவ்வளவு கூட்டினாலும் இந்த இரண்டுக்கும் பதில் கிடைக்காது. நான் வேதியியல் படித்தவன். கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிகளிலும் ஓ.எம்.ஆர். குடியிருப்புகளிலும் குளத்து நீரைப் பராமரிப்பதுதான் பல வருடங்களாக என் தொழில். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

உப்பு நீர்க் குளமும் குளோரின் குளம்தான். உப்பு கிருமியைக் கொல்வதில்லை. கடல் நீரில் உப்பு ஏறத்தாழ 35,000 பிபிஎம். உங்கள் குளத்தில் அதில் பத்தில் ஒரு பங்கு. அந்த உப்புத் தண்ணீர், மெஷினில் குளோரின் உண்டாகும் பாகமான செல்லுக்குள் இருக்கும் டைட்டானியம் பிளேட்டுகளுக்கு நடுவே போகும்போது மின்சாரம் உப்பிலுள்ள குளோரைடைக் குளோரினாக மாற்றுகிறது. பிளேட்டின் மேல் ருத்தீனியம் அல்லது இரிடியம் ஆக்சைடு மெல்லிய பூச்சாக இருக்கும்; வேலை செய்வது அந்தப் பூச்சுதான். குளோரின் கிருமிகளோடும் அழுக்கோடும் வெயிலோடும் போராடித் தீர்ந்ததும் மறுபடி குளோரைடாகவே தண்ணீரில் நிற்கிறது. அதனால் உப்பு செலவாவதில்லை. கசிவு, பேக்வாஷ் (பில்டரைத் தண்ணீரைத் திருப்பி விட்டுக் கழுவுவது), மழையில் வழிந்தோடுவது, குளிப்பவர்கள் உடம்போடு எடுத்துப் போவது, இவற்றால் மட்டுமே குறையும். மெஷின் கேட்கும் அளவு பெரும்பாலும் 3,000 முதல் 4,000 பிபிஎம் வரை. உங்களுடையது 3,400 என்று காட்டுகிறது. அதற்கு மேல் உப்பைக் கொட்டினால் குளோரின் அதிகரிக்காது. ஏணியும் கைப்பிடியும் துருப்பிடிப்பதுதான் மிச்சம்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். ஒரு லட்சம் லிட்டரில் 1 பிபிஎம் என்பது 100 கிராம் குளோரின். உங்கள் மெஷின் 25 கிராம், 6 மணி நேரம், பாதி அளவு. அதாவது ஒரு நாளைக்கு 75 கிராம். குளத்துக்குக் கிடைப்பது முக்கால் பிபிஎம். திறந்தவெளிக் குளத்தில், நம் ஊர் வெயிலில், ஆட்கள் குளித்துக்கொண்டிருக்கும்போது ஒரு நாளைக்கு 2 முதல் 4 பிபிஎம் வரை செலவாவது சாதாரணம். முக்கால் வருகிறது, மூன்று போகிறது. எந்தப் பழுதும் இல்லாவிட்டால் கூட இந்தக் கணக்கில் குளோரின் நிற்காது. மின்கட்டணம் கருதி பம்ப் நேரத்தைக் குறைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்; பல குடியிருப்போர் சங்கங்களில் நடப்பது இதுதான். பம்ப் ஓடாத நேரத்தில் மெஷினும் ஓடாது. முதல் வேலையாக அளவை 100 சதவீதத்துக்கு வையுங்கள், பம்ப்பை 10 மணி நேரம் ஓட்டுங்கள். 250 கிராம் கிடைக்கும், அதாவது இரண்டரை பிபிஎம். அந்த நேரத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியைக் காலையிலும் மறு பகுதியைச் சூரியன் சாய்ந்த பிறகும் வைத்தால் இன்னும் நல்லது. இரவில் உண்டாகும் குளோரினை வெயில் தின்பதில்லை.

அடுத்தது வெயில். ஸ்டெபிலைசர் என்று கடையில் கேட்டால் தருவார்களே, சயனூரிக் ஆசிட், அது கொஞ்சமும் இல்லாத குளத்தில் மதிய வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் பாதிக் குளோரின் போய்விடும். அதைப் போட்டால் குளோரின் அதோடு தற்காலிகமாக ஒட்டிக்கொண்டு வெயிலிலிருந்து தப்பிக்கும். உங்கள் கடிதத்தில் இந்த அளவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். உப்பு முறைக்கு மாற்றும்போது உப்பைப் போட்டுவிட்டு ஸ்டெபிலைசரைப் போடாமல் விட்ட குளங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அளப்பது எளிது. குளத்துத் தண்ணீரோடு மெலமைன் கரைசலைச் சேர்த்தால் பால் போலக் கலங்கும். அடியில் கரும்புள்ளி உள்ள குழாயில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, புள்ளி எப்போது மறைகிறது என்று மேலிருந்து பார்க்க வேண்டும். சீக்கிரம் மறைந்தால் அளவு அதிகம். குழாய் நிரம்பியும் புள்ளி தெரிந்தால் ஏறக்குறைய இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். மேகமூட்டத்தில் பார்த்தால் ஏமாற்றும். நல்ல பகல் வெளிச்சத்தில், குழாயை இடுப்பளவில் பிடித்துப் பாருங்கள்.

ஸ்டெபிலைசர் இல்லையென்றால் 50 பிபிஎம்முக்குக் கொண்டுவர உங்கள் குளத்துக்கு 5 கிலோ வேண்டும். அது லேசில் கரையாது. துணிப்பையில் கட்டி, பில்டரிலிருந்து குளத்துக்குத் திரும்பும் ரிட்டர்ன் தண்ணீர் வந்து மோதும் இடத்தில் தொங்கவிட்டு அவ்வப்போது பிசைந்துவிடுங்கள். முழுதும் கரைந்து அளவில் தெரியச் சில நாள் ஆகும். மறுநாளே அளந்து பார்த்துவிட்டு இன்னும் 5 கிலோ போட்டுவிடாதீர்கள். குழம்பில் உப்பு கூடினால் எடுக்க முடியாது, தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், இதுவும் அப்படித்தான். பில்டரிலும் போகாது, வெயிலிலும் போகாது. குளத்துத் தண்ணீரில் ஒரு பங்கை இறக்கிப் புதுத் தண்ணீர் விடுவதைத் தவிர நடைமுறையில் வேறு வழியில்லை. டேங்கர் லாரிக்குக் காசு கொடுக்கிற ஊரில் அது சின்னச் செலவல்ல.

இதற்கு நேர்மாறான நிலைமையும் இருக்கலாம். மாற்றுவதற்கு முன்பு வருடக்கணக்காக மிதவை டப்பாவில் குளோரின் மாத்திரை போட்டு வந்தீர்களா? அந்த டிரைகுளோர் மாத்திரை ஒவ்வொரு 10 பிபிஎம் குளோரினோடும் 6 பிபிஎம் சயனூரிக் ஆசிடையும் சேர்த்தே விடுகிறது. பழைய தண்ணீரை இறக்காமல் உப்பு மட்டும் போட்டிருந்தால், ஸ்டெபிலைசர் 150, 200 என்று நிற்க வாய்ப்புண்டு. அப்போது குளோரின் 2 என்று அளவில் தெரிந்தாலும் பெரும்பங்கு ஸ்டெபிலைசரின் பிடியில் இருக்கும். கிருமியைக் கொல்லச் சுதந்திரமாக இருப்பது மிகச் சொற்பம். பாசி அப்படிப்பட்ட தண்ணீரில்தான் வளரும். அதனால் குளோரின் எத்தனை இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு ஒற்றை எண் கிடையாது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி, ஸ்டெபிலைசர் இல்லாத குளத்துக்குக் குறைந்தது 1 பிபிஎம், அது உள்ள குளத்துக்குக் குறைந்தது 2 பிபிஎம் என்கிறது. அது தாண்டக்கூடாத கீழ்க்கோடு. நான் வேலையில் வைத்துக்கொள்ளும் அளவு, ஸ்டெபிலைசரில் இருபதில் ஒரு பங்குக்குக் குறையாமல்: 50 இருந்தால் இரண்டரை, 70 இருந்தால் மூன்றரை. இது எந்தச் சட்டத்திலும் இல்லை. குளம் பார்ப்பவர்களிடையே புழங்கி நிலைத்த கணக்கு; என் அனுபவத்தில் கைவிட்டதில்லை.

பிஎச், அதாவது தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண், அதன் விஷயத்தில் பாதி உண்மையும் பாதி மிகையும் கலந்திருக்கின்றன. செல்லில் ஹைட்ரஜன் குமிழி குமிழியாக வருகிறது. அது தண்ணீரிலுள்ள கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றுகிறது, பிஎச் ஏறுகிறது. உப்பு நீர்க் குளத்தில் பிஎச் தானாக ஏறும், தானாக இறங்காது. இது நிச்சயம். பிஎச் 7.5-இல் குளோரினில் பாதி வீரியமுள்ள வடிவில் இருக்கும், 8.0-இல் கால் பங்குதான் என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். அது ஸ்டெபிலைசர் இல்லாத தண்ணீருக்குச் சரி. ஸ்டெபிலைசர் உள்ள குளத்தில் சரிவு அவ்வளவு செங்குத்தாக இருக்காது. ஆகவே உங்கள் குளோரின் காணாமல் போவதற்குப் பிஎச் காரணமல்ல. ஆனாலும் 7.4-க்கும் 7.8-க்கும் நடுவே வைத்தே ஆக வேண்டும். நம் போர் தண்ணீரிலும் டேங்கர் தண்ணீரிலும் கால்சியம் அதிகம். பிஎச் ஏறினால் அது பிளேட்டில்தான் முதலில் படியும். பிஎச்சை இறக்க ஆசிட் (சயனூரிக் அல்ல, ஹைட்ரோகுளோரிக் ஆசிட்) ஊற்றும்போது ஒரே தடவையில் ஊற்றாமல், பம்ப் ஓடும்போது, ஆழமான பக்கத்தில், ஒரு லிட்டர் ஊற்றி, நாலு மணி நேரம் கழித்து அளந்து, தேவைப்பட்டால் மறுபடி ஊற்றுங்கள். காரத்தன்மை, அதாவது டோட்டல் ஆல்கலினிட்டி, 60 முதல் 80 வரை இறங்கினால் பிஎச் ஏறும் வேகமும் குறையும்.

செல்லைப் பற்றி வருகிறேன். மெஷினில் எரியும் பச்சை விளக்கு, மின்சாரம் போகிறது என்பதைச் சொல்கிறது. குளோரின் வருகிறது என்பதற்கு அது முழு அத்தாட்சி அல்ல. நீங்களே சோதிக்கலாம். மெஷின் 100 சதவீதத்தில் ஓடும்போது, ரிட்டர்ன் துவாரத்தின் வாயில் பாட்டிலை வைத்து ஒரு மாதிரி எடுங்கள். துவாரங்களிலிருந்து விலகி, முழங்கை ஆழத்தில் இன்னொன்று. இரண்டையும் உடனே அளந்து வித்தியாசத்தைப் பாருங்கள். உங்கள் பம்ப் மணிக்கு 15,000 லிட்டர் தள்ளுகிறது என்று வைத்தால், 25 கிராம் அதில் கலந்து ஏறத்தாழ 1.7 பிபிஎம் கூடுதலாக வர வேண்டும். நன்றாகக் கூடியிருந்தால் செல் உயிரோடு இருக்கிறது. இரண்டும் ஒன்றாக இருந்தால் செல்லைக் கழற்றிப் பாருங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் பிளேட்டுகளுக்கு நடுவே மறுபக்கம் தெரிய வேண்டும். வெள்ளையாக, சுண்ணாம்பு அடித்த மாதிரி, இடுக்கில் செதில் செதிலாக அடைத்திருந்தால் அது கால்சியம். ஒரு பிளாஸ்டிக் வாளியில் பத்துப் பங்கு தண்ணீர் எடுத்து அதில் ஒரு பங்கு ஆசிட்டை ஊற்றி (ஆசிட்டின் மேல் தண்ணீரை ஒருபோதும் ஊற்றக் கூடாது), மின்முனை நனையாமல் செல்லை அதில் நிறுத்துங்கள். நுரைத்துக்கொண்டு வரும். நுரை அடங்கினால் வேலை முடிந்தது, எடுத்துக் கழுவிவிடலாம். ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினால் பூச்சும் சேர்ந்து போகும், செல்லும் போகும். மாதாமாதம் சடங்கு போல ஆசிட்டில் ஊறவைப்பதும் தவறு. படிவு தெரிந்தால் மட்டும் செய்யுங்கள்.

ஒப்பந்தக்காரர் உப்பு கேட்பதற்கு ஒரு காரணம் இருக்கலாம், அவரை நான் குறை சொல்லவில்லை. பல மெஷின்கள் உப்பை நேரடியாக அளப்பதில்லை, செல்லில் ஓடும் மின்னோட்டத்தை வைத்துக் கணிக்கின்றன. பிளேட் அடைத்திருந்தாலோ பூச்சு தேய்ந்திருந்தாலோ மின்னோட்டம் குறையும், மெஷின் அதை ‘உப்பு குறைவு’ என்று காட்டும். போட்டதும் கொஞ்ச நாள் சரியானது போல இருக்கும், பிறகு மறுபடி கேட்கும். அதனால் உப்பு போடுமுன் குளோரைடு பட்டையால் (உப்பை அளக்கும் டெஸ்ட் ஸ்ட்ரிப்) தனியாக அளந்து பாருங்கள். கையில் வைத்துப் பார்க்கும் டிடிஎஸ் மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம், ஓ.எம்.ஆர். போர் தண்ணீரின் கடினமும் உவர்ப்பும் அந்த எண்ணில் சேர்ந்தே வரும். உப்பு வாங்கும் நிலை வந்தால் அயோடின் சேர்க்காத, கட்டிபிடிக்காமல் இருக்க எதுவும் கலக்காத, சுத்திகரித்த உப்பு வாங்குங்கள். மரக்காணத்திலும் தூத்துக்குடியிலும் விளையும் கல்லுப்பு மலிவுதான். ஆனால் அதில் கால்சியமும் மெக்னீசியமும் மண்ணும் கலந்திருக்கும், மறுபடி பிளேட்டில்தான் போய் உட்காரும்.

எல்லாம் சரியாக இருந்தும் குளோரின் நிற்காவிட்டால், பாசி தின்கிறது என்று அர்த்தம். தண்ணீர் பச்சையாகத் தெரிவதற்கு வெகு முன்பே வழுவழுப்பு வரும். உங்கள் படிக்கட்டு அதைத்தான் சொல்கிறது. இதை உறுதிசெய்ய ஒரு நல்ல சோதனை உண்டு. இருட்டிய பிறகு, மெஷினை அணைத்துவிட்டு, பம்ப்பை மட்டும் ஓட்டி, லிக்விட் குளோரின் ஊற்றிக் குளோரினை 4, 5 பிபிஎம் வரை ஏற்றி அளந்து குறித்துக்கொள்ளுங்கள். விடிவதற்கு முன் மறுபடி அளக்கவும். இரவில் வெயில் இல்லை, குளிப்பவரும் இல்லை. 1 பிபிஎம்முக்கு மேல் குறைந்திருந்தால் தண்ணீருக்குள் எதுவோ தின்கிறது. குறையவில்லை என்றால் தண்ணீர் சுத்தம், பகலில்தான் போகிறது. அப்போது ஸ்டெபிலைசரையும் ஓடும் நேரத்தையும் கவனித்தால் போதும். செல் வாங்கப் பணம் ஒதுக்குமுன் இந்த ஒரு ராத்திரியைச் செலவழியுங்கள்.

பாசி என்று தெரிந்தால் அதை மெஷினால் அடிக்க முடியாது. மெஷின் தினசரிச் செலவை ஈடுகட்டத்தான். குளத்தை மூடி அறிவிப்பு வைத்துவிட்டு, ஹைப்போ, அதாவது லிக்விட் குளோரின், புதிதாக வந்த சரக்காகப் பார்த்து வாங்குங்கள். வெயிலில் நின்ற கேனில் வீரியம் பாதி இருக்காது. பாசியை ஒழிக்கக் குளோரினை ஸ்டெபிலைசரில் ஐந்தில் இரண்டு பங்குக்கு ஏற்ற வேண்டும் என்பது நாங்கள் பின்பற்றும் கணக்கு. 50-க்கு 20 பிபிஎம். உங்கள் குளத்துக்கு 10 சதவீத ஹைப்போ 20 லிட்டர். ஊற்றியதோடு விடாமல் சுவர், படிக்கட்டு, ஏணியின் பின்பக்கம், விளக்கின் மூடிக்கு உள்ளே எல்லாம் தேய்க்க வேண்டும். குறையக் குறைய ஏற்றிக்கொண்டே இருந்து, ராத்திரிச் சோதனையில் தேறும் வரை விடக்கூடாது. குளோரின் 5-க்குக் கீழே வந்த பிறகே ஆட்களை இறக்குங்கள். ஹைப்போவையும் ஆசிட்டையும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், ஒரே வாளியில் சேர விடாதீர்கள். நச்சு வாயு கிளம்பும். இதை மோட்டார் ரூம் கதவில் தமிழிலும் உங்கள் பணியாளர் படிக்கும் மொழியிலும் எழுதி ஒட்டுங்கள். அங்கே மூச்சுத்திணறி விழப்போவது சங்கத்தின் செயலாளர் அல்ல, மாதச் சம்பளத்துக்கு வரும் பையன்.

அளக்கும் கிட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மஞ்சளாக மாறும் கிட் வைத்திருந்தால் அது மொத்தக் குளோரினைத்தான் காட்டும். வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து செயலிழந்த குளோரினும் அதில் அடக்கம். இளஞ்சிவப்பாக மாறும் டிபிடி கிட் வாங்குங்கள். அது செயலிழக்காத தனிக் குளோரினையும் மொத்தத்தையும் பிரித்துக் காட்டும், வித்தியாசம் அரை பிபிஎம்முக்கு மேல் போகக்கூடாது. ‘குளோரின் நாற்றம், கண் எரிகிறது, குறையுங்கள்’ என்று குடியிருப்பவர்கள் புகார் சொல்வதும் பெரும்பாலும் இந்தச் செயலிழந்த குளோரினால் வருவது. அங்கே குறைப்பது தீர்வல்ல, ஏற்றுவதுதான் தீர்வு. இன்னொன்று, குளோரின் 10-க்கு மேல் போனால் டிபிடி நிறம் வெளுத்துப்போய் ‘ஒன்றுமே இல்லை’ என்று காட்டலாம். துளியை விட்டதும் கண் சிமிட்டும் நேரம் சிவந்து மறைந்தால் குளோரின் இல்லை என்று நினைத்து இன்னும் ஊற்றிவிடாதீர்கள். காய்ச்சி வடித்த நீரில் கலந்து மறுபடி அளந்து பாருங்கள்.

இனி, தொழிலில் உள்ளவர்களே ஒத்துப்போகாத இடங்கள். பாஸ்பேட் அதிகமானால் செல் குளோரின் தராது என்று சொல்லி, பாஸ்பேட் நீக்கி விற்பவர்கள் உண்டு. பாஸ்பேட் பாசிக்கு உணவு என்பது உண்மை. அது செல்லைக் கெடுக்கும் என்பதற்கு நான் நம்பும்படியான ஆதாரத்தைப் பார்த்ததில்லை. குளோரின் போதுமான அளவு இருக்கும் குளத்தில் பாஸ்பேட் இருந்தும் பாசி வளராததைப் பார்த்திருக்கிறேன். முதலில் வாங்க வேண்டிய பொருள் அதுவல்ல. ஸ்டெபிலைசர் எவ்வளவு என்பதிலும் இரு தரப்பு உண்டு. மெஷின் தயாரிப்பாளர்கள் 60 முதல் 80 வரை கேட்பார்கள், செல்லின் உழைப்பு குறையும் என்பதால். சுகாதாரம் பார்ப்பவர்கள் குறைவாக இருப்பதை விரும்புவார்கள், கிருமி சீக்கிரம் சாகும் என்பதால். ஒரு வீட்டுக் குளத்துக்கு 70 சரி. பல குடும்பத்துக் குழந்தைகள் இறங்கும் குளத்துக்கு நான் 50-ஐத் தாண்ட மாட்டேன்.

குளோரினாலும் ஆகாத ஒன்றும் உண்டு. சிடிசி தரும் கணக்குப்படி, பிஎச் 7.5, வெப்பம் 25 டிகிரி, ஸ்டெபிலைசர் இல்லாத தண்ணீரில் 1 பிபிஎம் குளோரின் ஈ.கோலையை ஒரு நிமிடத்துக்குள் கொல்லும். ஹெபடைடிஸ் ஏ வைரஸுக்கு ஏறத்தாழ 16 நிமிடம், ஜியார்டியா ஒட்டுண்ணிக்கு 45 நிமிடம். வயிற்றுப்போக்கைத் தரும் கிரிப்டோஸ்போரிடியம் ஒட்டுண்ணிக்கோ 10 நாளுக்கு மேல். எண்கள் எல்லாம் சரியாக இருந்தாலும் வயிற்றுப்போக்கு உள்ள குழந்தையை இறக்கக் கூடாது, நின்ற பிறகும் இரண்டு வாரம் பொறுக்க வேண்டும். இதில் குடியிருப்பவர்கள் மனம் கோணினாலும் சங்கம் விட்டுக்கொடுக்காமல் இருக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம் வழிந்தோடும்போது உப்பும் ஸ்டெபிலைசரும் சேர்ந்தே போகும். பெருமழைக்குப் பிறகு இரண்டையும் அளந்துவிட்டே மெஷினை நம்புங்கள். மற்ற நாட்களில் குளோரினும் பிஎச்சும் தினமும், ஆல்கலினிட்டி வாரம் ஒரு முறை, உப்பும் ஸ்டெபிலைசரும் கால்சியமும் மாதம் ஒரு முறை பார்த்து நோட்டில் எழுதினால் போதும்.

கடிதத்தை மட்டும் வைத்து உங்கள் செல் தேய்ந்துவிட்டதா இல்லையா என்று என்னால் சொல்ல முடியாது. விற்பவர் யாராவது போனிலேயே சொன்னால் நம்பாதீர்கள். ஸ்டெபிலைசர் எவ்வளவு, தனிக் குளோரினும் மொத்தக் குளோரினும் எவ்வளவு, ரிட்டர்ன் வாயிலும் குளத்துக்குள்ளும் எடுத்த இரண்டு அளவுகள், ராத்திரியில் எவ்வளவு குறைந்தது, பட்டையால் பார்த்த உப்பு எவ்வளவு; இவற்றை இதே இடத்தில் எழுதுங்கள். செல்லை மாற்ற வேண்டுமா, தண்ணீரை இறக்க வேண்டுமா, நேரத்தைக் கூட்டினால் மட்டும் போதுமா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை அந்த நாலு மூட்டை உப்பை வாங்க வேண்டாம்.